சோப்பு பிரதரும் ஆறாம் நம்பர் படுக்கையும்

முப்பத்து நான்கு வயதில் ரிடையர் ஆகிறவர்கள் இந்த நாட்டில் இரண்டே வகை. ஒன்று, கிரிக்கெட் ஆடுகிறவர்கள். இன்னொன்று, நான். அவர்களுக்கு முழங்கால் போகும். எனக்குக் கை போய்விட்டது.

திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் ஐ.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அப்புறம் ஆறு வருடம் அங்கேயே தொற்றுத் தடுப்பு நர்ஸ். ஒரு நோயோடு வந்தவர் எங்களிடமிருந்து இன்னொரு நோயையும் வாங்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. கண்ணில் படுகிறவர்களையெல்லாம் "கை கழுவினீர்களா?" என்று கேட்பதுதான் அதில் முக்கால்வாசி. கேட்கிறவன் முதலில் தான் கழுவ வேண்டுமே. கழுவிக் கழுவி உள்ளங்கை வெடித்தது, விரலிடுக்கெல்லாம் சிவந்து தோல் உரிந்தது. தோல் டாக்டர் என் கையைத் தோசை மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முனிரத்தினம், உனக்குச் சோப்பு ஆகல, ஸ்பிரிட் ஆகல, கிளவுஸும் ஆகல. நர்ஸு வேலையில மிச்சம் இன்னாப்பா இருக்குது?"

யோசித்துப் பார்த்தேன். டிபன் இடைவேளை ஒன்றுதான் இருந்தது.

வழியனுப்பு விழாவில் சால்வை போர்த்தினார்கள். பழத்தட்டு கொடுத்தார்கள். ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். நொடிமுள் மட்டும் சிவப்பாக, தேவைக்கு மேல் நீளமாக இருந்தது. இத்தனை வருடம் எல்லோரையும் நொடி எண்ணிக் கை கழுவ வைத்த பாவத்துக்குப் பதில் மரியாதை. இப்போது புத்தூரில் ஒரு நர்சிங் பள்ளியில் சாக்பீஸ் பிடிக்கிறேன். அதற்கும் லேசாக அரிக்கிறது. மேலிடத்துக்குச் சொல்லவில்லை.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் சுவாதி, காளஹஸ்திப் பெண். போன வாரம் போன் செய்தாள். ஐ.சி.யூ. வாசலில் இருக்கிற கை கழுவும் திரவ டப்பாக்களில் சென்சார் வைத்துவிட்டார்களாம். யார் எத்தனை முறை அழுத்தினார்கள் என்று அதுவே எண்ணிக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறதாம். "அண்ணா, இனி நான் எதுக்கு? உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, அதையாவது படிச்சிக்கினு உட்கார்ந்திருக்கேன்" என்றாள். தெலுங்கில் எழுதச் சொன்னாள். எனக்குத் தெலுங்கு பேச வரும், சண்டை போட வரும், எழுதத்தான் கை ஓடாது. அதுவும் இது நான் மாட்டிக்கொண்ட கதை. மாட்டிக்கொண்ட கதையைத் தாய்மொழியில் சொன்னால்தான் மனசு ஆறும். யாராவது அவளுக்குப் படித்துச் சொல்லட்டும்.

ஊர் நாகலாபுரம் பக்கம். நைனாவுக்கு நெல்லும் வேர்க்கடலையும். சித்தூரில் நர்சிங் படித்தேன். வகுப்பில் பையன்கள் மூன்றே பேர். எந்தப் பாடத்தில் எலும்பு உடைந்தாலும் கட்டுப் போட்டுக் காட்ட எங்களைத்தான் படுக்க வைப்பார்கள். படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்கு வந்த பிறகு எல்லோருக்கும் 'பிரதர்' ஆனேன். தொற்றுத் தடுப்புக்கு மாறினதும் 'சோப்பு பிரதர்' ஆனேன்.

அந்த மாற்றத்துக்குக் காரணம் டாக்டர் கிரேஸ். ஆஸ்பத்திரியின் நுண்ணுயிரியல் டாக்டர், தொற்றுத் தடுப்புக்குத் தலைவர். சித்தூரில் பழைய மிஷன் சபைக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடல் குழுவில் ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பாடுகிறவர் என்று கேள்வி. வார்டில் குரல் எழும்பி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஓர் இரும்பு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நீங்கள் செய்கிற வேலையை வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் நிறுத்தினால் "அப்புறம்?" என்பார். மறுபடி நிறுத்தினால் மறுபடி "அப்புறம்?" மூன்றாவது 'அப்புறம்' வருவதற்குள் நீங்களே உங்கள் தப்பைச் சொல்லிவிடுவீர்கள். திட்டியிருந்தாலாவது வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கலாம்.

எனக்கு எதிர்க்கட்சி காந்தம்மா சிஸ்டர். ஐ.சி.யூ. இன்சார்ஜ். ரேணிகுண்டாக்காரர், தமிழையும் தெலுங்கையும் ஒரே வாக்கியத்தில் பிசைந்து பேசுவார். யார் கை கழுவினார்கள் என்று டிக் போடுகிற ஆடிட் பாரத்தோடு நான் உள்ளே நுழைந்தாலே ஆரம்பித்துவிடுவார்.

"ஒச்சாடய்யா, வந்துட்டான்யா சோப்பு! ஏமி பிரதர், இன்னும் எத்தினி தடவ கழுவணும்? ரேஷன் கடையில விரல் வெச்சா, நான் நான் இல்லன்னு சொல்லுது மிஷினு. ரேகை அத்தினியும் உன் சோப்புல போச்சு. அரிசிய நீ வந்து வாங்கிக் குடு."

"வாங்கித் தரேன் சிஸ்டர். முதல்ல அந்தக் கயித்தக் கழட்டுங்க."

மணிக்கட்டில் அவர் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றைச் சொன்னேன். மலையில் மந்திரித்துக் கட்டியது. முழங்கைக்குக் கீழே கயிறு, வளையல், கடிகாரம் எதுவும் கூடாது என்பது விதி. காந்தம்மா சிஸ்டர் கயிற்றை அவிழ்த்துக் கணுக்காலில் கட்டிக்கொண்டார். "சாமி கால்ல இருந்தாலும் காப்பாத்தும். நீ இருக்குற எடத்துலதான் காப்பாத்த மாட்டேங்குது."

இப்படிச் சிரித்துக்கொண்டே போன வேலையில், ஒரு தடவை மூன்று வாரத்துக்குச் சிரிப்பு நின்றுபோனது.

முதலில் ஒரு நோயாளியின் ரத்தத்தில் பர்க்கோல்டேரியா என்று ஒரு கிருமி வளர்ந்தது. ஈரமான இடத்தில் குடியிருக்கிற ஜாதி அது. வீட்டில் இருக்கிற நம்மை ஒன்றும் செய்யாது. ஐ.சி.யூ.வில் உடம்பு ஓய்ந்து கிடக்கிறவர் என்றால் ரத்தத்தில் ஏறிவிடும். பாதி மருந்துக்கு அசையாது. ஒருவருக்கு என்றால் தற்செயல். அடுத்த வாரம் இன்னொருவர். மூன்றாவது வாரம் ஒரே நாளில் இரண்டு பேர். அதில் இரண்டாம் நம்பர் படுக்கையில் இருந்தவர் ரிடையரான பஸ் டிரைவர். அவர் இறந்துவிட்டார். கிட்னி ஏற்கெனவே போயிருந்தது, அதனால்தான் என்று கேஸ் ஷீட்டில் எழுதினார்கள். இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லோடு நான் இன்னும் சரியாகப் பழகவில்லை.

அந்த மூன்றாவது வாரத்தில்தான் ஆறாம் நம்பர் படுக்கைக்குத் தணிகாசலம் வந்தார்.

நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். நாற்பது வயது. நாலு நாள் வயிற்றுப்போக்கு, அது நின்ற பிறகு கால் மரத்தது, அப்புறம் கை, அப்புறம் மூச்சு. நரம்புகளின் மேலுறையை உடம்பே தின்றுவிடுகிற வியாதி. கழுத்தில் துளை போட்டு வென்டிலேட்டரில் மாட்டியிருந்தார்கள். ஒரு விரல் அசையாது, குரல் வராது. அறிவு மட்டும் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. எல்லாம் கேட்கும், எல்லாம் தெரியும். கண் சிமிட்டத்தான் முடியும். ஒரு சிமிட்டு ஆமாம், இரண்டு சிமிட்டு இல்லை.

அவர் மனைவி செல்வி பார்வையாளர் நேரத்தில் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தார். மலைத் தீர்த்தம். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"அம்மா, இது உள்ள வரக்கூடாது."

"வாயில ஊத்தலபா. நெத்தியில ரெண்டு சொட்டு தெளிச்சிட்டுப் போறேன்."

"கழுத்துல ஓட்டை இருக்குதும்மா. சொட்டு உள்ள போச்சுன்னா?"

"பெருமாள் தீர்த்தம் உள்ள போனா கெடுதியா? நல்லா கீதே உங்க நியாயம்!"

நான் விதிமுறைப் புத்தகத்தின் பக்கம் எண் வரை சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கிரேஸ் மேடம் வந்தார். செல்வியிடம் பாட்டிலை வாங்கி, மூடியை இறுக்கி, ஜிப் வைத்த ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, சலைன் ஸ்டாண்டில் தணிகாசலத்தின் கண்ணுக்கு நேராகத் தொங்கவிட்டார்.

"இங்க இருக்கட்டும்மா. இவருக்குச் சாமியத் தெரியும், சாமிக்கும் இவரத் தெரியும். ரெண்டு பேரும் பார்த்துக்கினு இருக்கட்டும். தெளிக்கிறது மட்டும் வாணாம்."

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்விதான் கேட்டார். "மேடம், எழுந்து வந்துடுவாரா?"

"இந்த வியாதி இவரை ஒண்ணும் பண்ணாதும்மா. மெதுவா இறங்கிடும். நாங்க கெடுக்காம இருந்தா போதும்."

பேச்சை அங்கேயே முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். திரும்பின விதமே சொன்னது, 'நாங்க' என்பதில் நான் முதல் ஆள் என்று. ஏனென்றால் தணிகாசலத்துக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு மாற்றவேண்டியிருந்தது. அதற்குக் கழுத்து ரத்தநாளத்தில் தடியாக ஒரு குழாய் போட வேண்டும். 'லைன்' என்போம். கிருமி வந்த நாலு பேருக்கும் இருந்த ஒரே ஒற்றுமை, அவர்களுக்கும் அதே ஐ.சி.யூ.வில் லைன் போட்டிருந்தார்கள். கிருமி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஐந்தாவது ஆளுக்குப் போடுவது எப்படி? போடாமல் விட்டால் அந்த மனிதரின் நரம்பு நாளுக்கு நாள் தேய்கிறது.

நான் வேட்டையில் இறங்கினேன். வாஷ்பேசின், குழாய் முனை, கதவுக் கைப்பிடி, வென்டிலேட்டர் பட்டன், ஸ்கேன் கருவி, போன் ரிசீவர், காந்தம்மா சிஸ்டரின் பேனா, எல்லாவற்றிலும் பஞ்சுக்குச்சி தேய்த்து லேபுக்கு அனுப்பினேன். லேபில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். கிருமிகள் கிடைத்தன, இல்லாமல் இல்லை. ஆனால் நாங்கள் தேடினது இல்லை. கடைசியில் தீர்த்தப் பாட்டிலின் மேலேயே சந்தேகம் வந்தது. அந்த நாலு பேருக்கும் கூடச் சொந்தக்காரர்கள் தீர்த்தம் கொண்டுவந்திருப்பார்களே! செல்விக்குத் தெரியாமல் உறையைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து அனுப்பினேன். லேபுக்காரர் ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டே கொடுத்தார். ஒன்றும் வளரவில்லை.

கைகள் மேலும் சந்தேகம்தான். ஆனால் நான் பார்க்கும்போதெல்லாம் எல்லோரும் ஒழுங்காகக் கழுவினார்கள். ஆடிட் பாரத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக். தணிகாசலத்தின் படுக்கை வாஷ்பேசினுக்கு நேர் எதிரில். ஒரு நாள் அவர் பக்கத்தில் குனிந்து கேட்டேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். நான் வரும்போது மட்டும்தான் இவங்க கழுவுறாங்களா?"

தணிகாசலம் கொஞ்சம் யோசித்தார். காந்தம்மா சிஸ்டர் நின்ற திசையில் கண்ணை ஓட்டினார். பிறகு ஒரு தடவை சிமிட்டினார்.

ஒரே சிமிட்டில் என் ஆறு மாத ஆடிட் காலி.

லைன் போட வேண்டிய நாள் காலை. ஐ.சி.யூ. டாக்டர் சைதன்யா, என்னைவிட இரண்டு வயது பெரியவர், தேர்ந்த கை. பொறுமைதான் கொஞ்சம் கம்மி. "மேடம், ஈ ரோஜே, இன்னிக்கே போடணும். ரேப்பு, எல்லுண்டின்னு நாளத் தள்ள முடியாது. கண்ணுல மிச்சம் இருக்குற அசைவும் போய்டும்" என்றார்.

கிரேஸ் மேடம் ஸ்டூலை இழுத்தார். "போடுங்க டாக்டர். ஒரு மணி நேரம் குடுங்க. முதல்ல இதுக்குப் போடுங்க" என்று ஒரு தலையணையைக் காலியாக இருந்த ஐந்தாம் நம்பர் படுக்கையில் வைத்தார். "நிஜமா எப்படிப் போடுவீங்களோ அப்படியே. ஒரு பொருள் கூட மாறக்கூடாது."

சைதன்யா என்னைப் பார்த்தார். நான் தலையணையைப் பார்த்தேன். காந்தம்மா சிஸ்டர், "பேஷண்ட் பேரு இன்னா எழுதட்டும் மேடம்? இலவம்பஞ்சா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

தலையணைக்கு லைன் போட ஆரம்பித்தார்கள். தொப்பி, மாஸ்க். கை கழுவல்: முழங்கை வரை, நகக்கண் வரை. நான் நொடி எண்ணினேன், குறையில்லை. "அப்புறம்?" கவுன், கிளவுஸ். "அப்புறம்?" தலையணையின் கழுத்து என்று நாங்கள் முடிவு செய்த மூலையில் மருந்து தடவி, அது காயும்வரை காத்திருந்து, பச்சைத் துணியால் முழுக்க மூடி, நடுவில் ஒரு துளை. எல்லாம் பாடப்புத்தகம். சைதன்யா ஊசியைக் கையில் எடுத்தார். கிரேஸ் மேடம் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம் டாக்டர். ரத்தநாளம் எங்க இருக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது முதல்லயே பார்த்துடுவேன் மேடம். கை கழுவறதுக்கு முன்னாடி, ஸ்கேன்ல ஒரு தடவ சும்மா பார்த்து வெச்சுக்குவேன்."

"அதையும் செய்யுங்க. சும்மா பார்க்கிறத."

கவுனைக் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து. சைதன்யா பார்க்காமலேயே கையைப் பக்கவாட்டில் நீட்டினார். காந்தம்மா சிஸ்டர் பார்க்காமலேயே அந்தக் கையில் ஸ்கேன் ஜெல் பாட்டிலை வைத்தார். அத்தனை பழக்கம். தலையணையின் கழுத்தில் ஜெல் விழுந்தது. ஸ்கேன் கருவியை ஓட்டினார், துணியால் துடைத்தார். துடைத்த இடத்தில் லேசாக ஈரம் பளபளத்தது. ஊசி இறங்கப்போகிற இடமும் அதுதான்.

கிரேஸ் மேடம் எழுந்து வந்து அந்த ஈரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"வெதுவெதுப்பா இருக்குதே?"

"அவுனு மேடம்," என்றார் காந்தம்மா சிஸ்டர். "ஜில்லுன்னு இருந்தா பேஷண்ட் தூக்கிவாரிப் போடுவாங்கல்ல? நம்ம ஐ.சி.யூ.ல ஜெல் எப்பவும் சூடாத்தான் இருக்கும்."

"எங்க சூடு பண்றீங்க?"

காந்தம்மா சிஸ்டர் பதில் சொல்வதற்கு முன்பே நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். ஏனென்றால் எங்கே என்று எனக்குத் தெரியும்.

மருந்து அலமாரிக்குப் பக்கத்தில், மானிட்டர் சார்ஜ் போடுகிற மேடை. அதன் மேல் குழந்தைகளின் பால் பாட்டிலைச் சூடேற்றுகிற ஒரு சின்ன மின்சாரப் பாத்திரம். அதில் தண்ணீர். தண்ணீரில் கழுத்து வரை முங்கி இரண்டு ஜெல் பாட்டில்கள். மேலே சுவரில் லேமினேட் செய்த ஓர் அறிவிப்பு, தெலுங்கிலும் தமிழிலும்: 'ஜெல்லை இங்கே வெதுவெதுப்பாக வைக்கவும். நோயாளியும் மனிதரே.' தமிழ்க் கையெழுத்து என்னுடையது. அதன் பக்கத்திலேயே சட்டம் போட்டு ஒரு சான்றிதழ். நர்ஸ் தினத்தன்று சிறந்த புது யோசனைக்காக ஸ்டாஃப் நர்ஸ் முனிரத்தினத்துக்கு வழங்கியது.

ஆமாம். நான் ஐ.சி.யூ.வில் வேலை செய்த காலத்தில் ஜில்லென்ற ஜெல் பட்டு ஒரு பெரியவர் துள்ளினதைப் பார்த்துவிட்டு, அக்கா மகன் வளர்ந்துவிட்டதால் வீட்டில் சும்மா கிடந்த பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தவன் நான். அன்றைக்குத் தண்ணீரை ஷிப்டுக்கு ஷிப்ட் மாற்றினேன். நான் போன பிறகு மாற்றுகிற ஆள் இல்லை. தண்ணீர் குறைந்தால் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றுவார்கள். பாட்டில் காலியானால் பெரிய கேனிலிருந்து அதே பாட்டிலை நிரப்புவார்கள். கிருமிக்கு வெந்நீர்க் குளியலும் சாப்பாடும் ஒரே இடத்தில். பஞ்சுக்குச்சியோடு நாள் கணக்கில் நான் அந்த அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். என் சான்றிதழ் நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை சரிசெய்துகூட இருக்கிறேன்.

பாத்திரத்திலிருந்து ஒரு பாட்டிலைத் தூக்கினேன். விரல் வழியாகத் தண்ணீர் சொட்டியது. பாட்டிலின் அடியில் வழவழவென்று ஒரு படலம்.

"இது யாரோட யோசனை?" என்றார் கிரேஸ் மேடம். அவர் கண் சான்றிதழின் மேல்தான் இருந்தது. காந்தம்மா சிஸ்டர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார். இத்தனை வருடம் என்னைக் கேலி செய்தவர், அந்த ஒரு நேரத்தில் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"என்னுது மேடம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல மேடம். எல்லாமே என்னுதுதான்."

"உங்களுக்கு இங்க எதையாவது மாத்தணும்னு ஏன் சிஸ்டர் தோணல?" என்று மேடம் காந்தம்மா சிஸ்டரிடம் கேட்டார். அதற்குக் கிடைத்த பதில்தான் என்னைப் படுக்கப் போட்டது.

"சோப்பு பிரதர் வெச்சது மேடம். அதுல அழுக்கு இருக்கும்னு யாரு நெனப்பாங்க?"

தண்ணீர், ஜெல், கேன் மூன்றிலிருந்தும் லேபுக்கு மாதிரி போனது. ரிசல்ட் வர இரண்டு நாள். அதற்காகக் காத்திருக்க முடியாது. பிரசவ வார்டில் ஒரே முறை கிழித்துப் பயன்படுத்துகிற, கிருமி நீக்கிய ஜெல் உறைகள் இருந்தன. ஆள் ஓடியது. சைதன்யா மறுபடி முழங்கை வரை கழுவப் போனார். நான் நேராக ஆறாம் நம்பர் படுக்கைக்கு ஓடினேன். நடந்ததையெல்லாம் அந்த மனிதர் ஒரு படுக்கை தள்ளி, அசையாமல் பார்த்துக்கொண்டு கிடந்தார் இல்லையா! அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, பயப்படாதீங்க. புடிச்சிட்டோம். இனிமே ஒண்ணும் ஆகாது."

தணிகாசலம் இரண்டு தடவை சிமிட்டினார். மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. பாவம், எவ்வளவு பயந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஜில்லென்ற ஜெல்லோடு லைன் ஏறியது. அவர் துள்ளவில்லை. துள்ள முடியாது.

இரண்டாம் நாள் ரிசல்ட் வந்தது. தண்ணீரிலும் பாட்டிலிலும் அதே கிருமி. கேன் சுத்தம். மூன்றாம் நாள் தணிகாசலத்துக்குக் காய்ச்சல் வந்தது.

ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, லேப் வாசலில் உட்கார்ந்தேன். கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் என்பது முட்டை அடைகாப்பது மாதிரி, அவசரப்படுத்த முடியாது. செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னா பிரதர், மூஞ்சி இப்படி கீது? துன்னியா?" என்று கேட்டார். புருஷனுக்குக் காய்ச்சல், எனக்குச் சாப்பாடு விசாரணை. அவர் கொடுத்த புளிச்சாதத்தை என்னால் விழுங்க முடியவில்லை. கிரேஸ் மேடம் வந்து செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கிருமி எங்கே இருந்தது, யார் வைத்தது, ஒன்றும் விடவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க தீர்த்தம் சுத்தமா இருந்ததும்மா," என்றார் கடைசியில். "எங்க வெந்நீர்தான் அழுக்கு."

செல்வி புளிச்சாத டப்பாவை மூடினார். பிறகு என்னைப் பார்த்து, "நீ நல்லதுக்குத்தான் வெச்சே. ஆனா அவரு எழுந்து வரட்டும், அப்புறம் சொல்றேன் உன்ன மன்னிச்சிட்டேனா இல்லியான்னு" என்றார். நியாயமான தீர்ப்பு.

மற்ற நாலு குடும்பங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று கிரேஸ் மேடம் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டினார். மூடின கதவுக்குப் பின்னால் நடந்த சண்டை, அங்கேயும் அவர் குரல் எழும்பவில்லையாம். பஸ் டிரைவரின் மகனிடம் அவரோடு நானும் போனேன். அந்தப் பையன் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்பாவுக்கு ஜில்லுனா ஆவாது" என்று மட்டும் சொன்னான். அந்த வாக்கியத்தை நான் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் தணிகாசலத்தின் ரிப்போர்ட் வந்தது. வளர்ச்சி இல்லை. காய்ச்சல், மாற்றி ஏற்றின திரவத்துக்கு உடம்பு காட்டின கோபம்; தானே இறங்கியது. பாத்திரம் குப்பைக்குப் போனது. சான்றிதழைக் கழற்றப் போனேன். கிரேஸ் மேடம் விடவில்லை. "அது இருக்கட்டும். அதுக்குக் கீழ இதை ஒட்டுங்க" என்று லேப் ரிப்போர்ட்டின் நகலைக் கொடுத்தார். இரண்டும் இப்போதும் அங்கேதான் மேலும் கீழுமாக இருக்கின்றன. புதிதாக வருகிற ஒவ்வொரு நர்ஸையும் காந்தம்மா சிஸ்டர் முதல் நாளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார், ஏதோ தரிசன வரிசை மாதிரி. "சூடண்டி, பாருங்க, இவருதான் நம்ம சோப்பு பிரதர். இது இவரு பண்ண நல்ல காரியம். இது அதோட பிரசாதம்."

சுவாதி, உன் சென்சாருக்கு நான் எதிரி இல்லை. அது எண்ணட்டும். ஆனால் நான் அன்றைக்கு என்ன செய்தேன் என்று எந்த டப்பாவும் எண்ணவில்லை. எனக்கே தெரியாது. தெரிய எட்டு மாதம் ஆனது.

எட்டு மாதம் கழித்துத் தணிகாசலம் வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு பக்கம் செல்வி. மலைக்குப் போய் மொட்டையடித்து, நேரே ஆஸ்பத்திரிக்கு. அப்போதுதான் அவர் குரலை முதன்முதலில் கேட்டேன். மெல்லிய, கீச்சென்ற குரல். அத்தனை பெரிய மீசைக்கு நான் வேறு மாதிரி எதிர்பார்த்திருந்தேன்.

"பிரதர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு எட்டு மாசமா வாய்க்குள்ள வெச்சிக்கினு கீறேன்."

"சொல்லுங்கண்ணே."

"அன்னிக்கி அந்தத் தண்ணிக்குள்ள கைய வுட்டு பாட்டிலத் தூக்கினீங்களே. ஒழுகுற கையோட நேரா எங்கிட்ட ஓடியாந்தீங்க. நான் ரெண்டு ரெண்டா அடிக்கிறேன். வாணாம், வாணாம்னு. நீங்க இன்னும் அழுத்திப் புடிக்கிறீங்க!"

நான் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். அந்தக் காய்ச்சல் நாட்கள் அத்தனையும் வேறு நிறத்தில் திரும்பி வந்தன. எங்கள் ஐ.சி.யூ.விலேயே அன்று கை கழுவாத ஒரே ஆள் நான். அதைப் பார்த்த ஒரே ஆள், சொல்ல முடியாத ஆள்.

செல்விக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வீட்ல தெனம் இதையே சொல்லிக்கினு இருந்தாருபா. பேச்சு வந்ததும் மொதல்ல சொன்னது என் பேரு இல்ல. 'சோப்பு பிரதர் கை கழுவல'ன்னுதான்."

"அப்போ என்ன மன்னிச்சீங்களா இல்லியா?"

"லட்டு எடுத்தாந்துகிறேனே, தெரியல?" பையைத் திறந்தார். நெய் மணம் ஐ.சி.யூ. வராந்தா முழுக்கப் பரவியது. நான் கையை நீட்டினேன்.

தணிகாசலம் ஊன்றுகோலால் என் கையை மெல்லத் தட்டி, வாஷ்பேசின் பக்கம் காட்டினார்.

போனேன். அப்போதே உள்ளங்கை வெடிக்க ஆரம்பித்திருந்தது, சோப்பு பட்டதும் எரிந்தது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், ஒன்றையும் விடவில்லை. முதுகில் அவர் பார்வை இருந்தது. முடித்து, துடைத்து, திரும்பினேன்.

ஒரு தடவை சிமிட்டினார்.